ஐஸில் ஒரு குழாய், வெளியில் ஒரு குழாய்: கர்ப்ப கால அட்ரினல் டெஸ்ட்டுகள் பற்றி ஒரு மதிப்பீடு

கர்ப்பிணிக்கு பிபி ஏறினால், கர்ப்பத்தாலேயே வரும் உயர் பிபி நோயான ப்ரீ-எக்லாம்ப்சியா என்ற பெயர்தான் முதலில் வரும். பெரும்பாலும் அதுவே சரியாகவும் இருக்கும். ஆனால் மிகச் சிலருக்கு, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் வளர்ந்த ஒரு கட்டி ஹார்மோனை இஷ்டத்துக்குச் சுரந்து பிபியை ஏற்றிக்கொண்டிருக்கும். அட்ரினலின், நார்அட்ரினலின் சுரக்கும் கட்டி ஃபியோகுரோமோசைட்டோமா, சுருக்கமாக ஃபியோ. கார்டிசால் சுரந்தால் குஷிங் நோய்க்குறி. அல்டோஸ்டிரோன் சுரந்தால் கான் நோய்க்குறி. மூன்றுமே அரிது. ஃபியோவை ஏறக்குறைய ஐம்பதாயிரம் கர்ப்பங்களில் ஒன்று என்று கணக்கிடுவார்கள். ஆனால் கண்டுபிடிக்காமல் விட்டால் தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் கொண்டுபோகக்கூடியது அதுதான்.

இந்தக் கட்டிகளைக் கண்டுபிடிக்க லேப்களில் விற்கப்படும் டெஸ்ட்டுகளைப் பற்றியது இந்த மதிப்பீடு. எதற்குக் காசு கொடுக்கலாம், எது கர்ப்பிணிக்கு வீண், வீட்டுக்கு வந்து சாம்பிள் எடுக்கும் சேவையை எதற்கு நம்பலாம், எங்கே கோட்டை விடுகிறார்கள் என்பதே பேச்சு. எந்த லேப் நல்லது என்று பெயர் சொல்லப்போவதில்லை. இந்த டெஸ்ட்டுகளின் தரம் மெஷினில் பாதி, சாம்பிள் எடுக்கும் கையில் பாதி. ஒரே நிறுவனத்தின் இரண்டு கிளைகளில்கூட அந்தக் கை வேறுபடும்.

மெட்டாநெஃப்ரின்: இதற்குக் காசு கொடுக்கலாம்

ஃபியோ கட்டி அட்ரினலினை ரத்தத்தில் விட்டு விட்டுத்தான், அதாவது இடைவெளி விட்டுத்தான், கொட்டும். தலைவலி, வேர்வை, படபடப்பு வந்து போய், லேபுக்குப் போய்ச் சேர்வதற்குள் ரத்தம் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். அதனால் அட்ரினலினை நேரடியாக அளக்கும் கேட்டகோலமின் டெஸ்ட் ஏமாற்றிவிடும். மெட்டாநெஃப்ரின் அப்படியல்ல. கட்டிக்குள்ளேயே கசியும் அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் அங்கிருக்கும் நொதி இடைவிடாமல் முறையே மெட்டாநெஃப்ரினாகவும் நார்மெட்டாநெஃப்ரினாகவும் மாற்றிக்கொண்டே இருக்கிறது. தாக்குதல் வந்தாலும் வராவிட்டாலும் அது ரத்தத்தில் இருக்கும். இந்த டெஸ்ட்டின் பலமே இதுதான்.

2002இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்த ஒப்பீட்டில் ரத்தத்தின் கட்டற்ற மெட்டாநெஃப்ரின் நூறு கட்டிகளில் 99ஐப் பிடித்தது. 24 மணி நேர யூரின் மெட்டாநெஃப்ரின் 97ஐப் பிடித்தது. வி.எம்.ஏ. என்ற பழைய யூரின் டெஸ்ட் பிடித்ததோ 64தான். இருந்தும் பல லேப் பட்டியல்களில் வி.எம்.ஏ. இன்னும் இருக்கிறது; விலை குறைவு என்பதால் அதை எழுதிக்கொடுப்பதும் உண்டு. மூன்றில் ஒரு கட்டியைத் தவறவிடும் டெஸ்ட்டை எடுத்துவிட்டு ‘நார்மல்’ என்று நிம்மதியாகப் பிரசவ அறைக்குள் போவது, டெஸ்ட்டே எடுக்காததைவிட ஆபத்து. வி.எம்.ஏ.வை வாங்காதீர்கள்.

பில் போடும் இடத்தில் பெயரைச் சரிபாருங்கள். ரத்தத்தில் என்றால் ‘பிளாஸ்மா ஃப்ரீ மெட்டாநெஃப்ரின்’. யூரினில் என்றால் ‘24 மணி நேர ஃப்ராக்‌ஷனேட்டட் மெட்டாநெஃப்ரின்’, அதாவது மெட்டாநெஃப்ரினையும் நார்மெட்டாநெஃப்ரினையும் தனித்தனி எண்ணாகத் தருவது. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத் தரும் ‘டோட்டல்’ வேண்டாம். எந்த முறையில் அளக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, அதாவது எல்.சி.எம்.எஸ். என்றால் நல்லது. எலைசா முறை என்றால் முடிந்தவரை வேறு இடம் பாருங்கள். அந்த முறையில் அளவு குறைத்துக் காட்டும் சிக்கல் உண்டு. கவுன்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். சாம்பிள் எந்த மைய லேபுக்குப் போகிறது என்று கேட்டால், அங்கே போனில் விசாரித்துச் சொல்வார்கள். அந்த டெஸ்ட்டுக்கே என்.ஏ.பி.எல்., அதாவது லேப்களின் தரத்துக்குச் சான்று தரும் தேசிய அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள். லேபுக்கு அங்கீகாரம் இருப்பதும் இந்தக் குறிப்பிட்ட டெஸ்ட்டுக்கு இருப்பதும் ஒன்றல்ல.

ரத்த சாம்பிள்: எங்கே சொதப்புகிறது

முறை இதுதான். முந்தின இரவிலிருந்து வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். காபி, டீ, புகை, கடும் வேலை 12 மணி நேரத்துக்கு வேண்டாம். கையில் கான்யுலா ஊசியைக் குத்திப் பொருத்திவிட்டு, அமைதியான அறையில் குறைந்தது 30 நிமிடம் படுக்க வைக்க வேண்டும். பிறகு, மறுபடி குத்தாமல், அந்தக் கான்யுலா வழியாகவே ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுக்க வேண்டும். குழாயை உடனே ஐஸில் வைத்து, குளிரூட்டிய சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, ரத்தத்தின் தெளிந்த பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைத்து அனுப்ப வேண்டும்.

கர்ப்பிணிக்கு இதில் ஒரு திருத்தம் உண்டு. படிவத்தில் ‘மல்லாந்து படுக்க வேண்டும்’ என்று இருக்கும். 20 வாரம் தாண்டிய கர்ப்பிணி மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய ரத்தக் குழாய்களை அழுத்தும். தலைசுற்றும், பிபி இறங்கும். அட்ரினல் கட்டி இருந்தால் கதை தலைகீழ்: கருப்பை கட்டியையே அழுத்தி பிபியை எகிற வைக்கலாம். படுத்தால் ஏறும் பிபி, உட்கார்ந்தால் இறங்குகிறது என்றால் அதுவே ஃபியோவுக்கு ஒரு துப்பு. ஆகவே இடது பக்கம் ஒருக்களித்து, முதுகுக்குத் தலையணை கொடுத்துப் படுக்கட்டும். சாம்பிள் எடுப்பவரிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘மல்லாந்து’ என்று படிவத்தில் இருந்தால் அவர் அப்படியேதான் படுக்கச் சொல்வார்.

வீட்டுக்கு வந்து எடுக்கும் சேவை இந்த டெஸ்ட்டுக்குச் சரிவராது. காலையில் அடுத்தடுத்த வீடுகளுக்குப் போக வேண்டியவர் 30 நிமிடம் காத்திருக்க மாட்டார். கான்யுலா போட மாட்டார். பையில் இருப்பது ஐஸ் பேக்தானே தவிர, உறைய வைக்கும் வசதி அல்ல. உட்கார்ந்தபடி எடுத்தால் நார்மெட்டாநெஃப்ரின் கூடுதலாகத் தெரியும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. உட்கார்ந்து எடுத்தும் அளவு நார்மல் என்றால், சாம்பிள் ஒழுங்காகக் கையாளப்பட்டிருக்கும் பட்சத்தில் அந்த நார்மலை ஏற்கலாம். கூடுதல் என்று வந்தால்தான் படுத்து எடுத்து மறுபடி பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது. ஏற்கெனவே பயந்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு பொய்யான ‘பாசிட்டிவ்’ கொடுப்பது சின்ன விஷயமில்லை. மருத்துவமனையோடு சேர்ந்த லேபுக்குப் போய் எடுப்பதே நல்லது.

24 மணி நேர யூரின்: வீட்டிலேயே நன்றாகச் செய்யலாம்

படுக்க வைத்து ரத்தம் எடுக்கத் தெரிந்த இடம் பக்கத்தில் இல்லையென்றால் யூரினைத் தேர்ந்தெடுங்கள். அரைகுறையாக எடுத்த ரத்தத்தைவிட ஒழுங்காகச் சேர்த்த யூரின் மேல். மருத்துவ வழிகாட்டுதலும் இரண்டில் எதையும் முதல் டெஸ்ட்டாக ஏற்கிறது.

லேபில் பெரிய கேன் ஒன்று தருவார்கள். பெரும்பாலும் அதில் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றப்பட்டிருக்கும். அதைக் கொட்டிக் கழுவிவிட்டு வருபவர்கள் உண்டு. கழுவினால் டெஸ்ட் போயிற்று. கேனில் நேரடியாகப் போகவும் கூடாது, தெறித்தால் தோல் வெந்துவிடும். தனி மக்கில் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சில லேப்கள் ஆசிட் இல்லாமல், ஃபிரிட்ஜில் வைத்தால் போதும் என்கின்றன. எது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காலை 7 மணிக்குத் தொடங்குகிறீர்கள் என்றால், 7 மணி யூரினைக் கழிப்பறையிலேயே விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு முறையும் கேனுக்கு. மறுநாள் 7 மணி யூரினும் கேனுக்குத்தான், அதோடு முடிந்தது. நடைமுறையில் இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது: முதல் நாள் முதல் யூரினையும் சேர்த்துவிடுவது, மலம் கழிக்கும்போது போகும் யூரினை விட்டுவிடுவது. நிறைமாதத்தில் யூரின் அடிக்கடியும் நிறையவும் போகும் என்பதால் ஒரு கேன் போதாமல் போகலாம். முன்கூட்டியே இரண்டு கேட்டு வாங்குங்கள். இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஒரு கேனை மட்டும் கொடுத்தால் அது 24 மணி நேர சாம்பிள் ஆகாது.

முழுசாகச் சேர்த்தாரா என்று தெரிந்துகொள்ள அதே கேனிலிருந்து கிரியாட்டினினும் (தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கழிவு) பார்க்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு ஒரு நாளைக்குக் கிலோ எடைக்கு சுமார் 15 முதல் 20 மில்லிகிராம் வரும். 60 கிலோ பெண்ணுக்கு 400 மில்லிகிராம்தான் வந்திருக்கிறது என்றால் பாதிக்கு மேல் யூரின் வெளியே போயிருக்கிறது. மெட்டாநெஃப்ரின் ‘நார்மல்’ என்று வந்தாலும் அந்த ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம்.

இன்னொன்று. ப்ரீ-எக்லாம்ப்சியா சந்தேகத்தில் 24 மணி நேர யூரின் புரோட்டீனும் கேட்டிருப்பார்கள். ஒரே கேனில் இரண்டையும் பார்த்துவிடலாமே என்று தோன்றும். ஆசிட் ஊற்றிய கேனில் புரோட்டீன் திரிந்து படிந்துவிடும், அளவு தப்பாகும். புரோட்டீனுக்கு ஒருமுறை யூரினிலேயே பார்க்கும் புரோட்டீன்–கிரியாட்டினின் விகிதத்தை வைத்துக்கொண்டு, பெரிய கேனை மெட்டாநெஃப்ரினுக்கு விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக் கட்டுப்பாடு பற்றி லேப்கள் தரும் நீண்ட பட்டியல், வெனிலா, சாக்லேட், வாழைப்பழம் எல்லாம், பெரும்பாலும் வி.எம்.ஏ. காலத்து மிச்சம். காபி, டீ நிறுத்துவது அவசியம். வாழைப்பழத்தை ஒரு நாள் தள்ளிவைப்பதில் நஷ்டமில்லை. அதற்கு மேல் கர்ப்பிணியைப் பட்டினி போட வேண்டாம்.

மாத்திரைகள்: கர்ப்பிணிக்கு மட்டும் உள்ள சங்கடம்

கர்ப்ப கால பிபிக்கு முதலில் எழுதப்படும் மாத்திரைகள் மூன்று: லேபெட்டலால், மெத்தில்டோபா, நிஃபெடிபின். முதல் இரண்டும் இந்த டெஸ்ட்டில் குறுக்கிடக்கூடியவை. லேபெட்டலால் யூரின் மெட்டாநெஃப்ரினைச் சில முறைகளில் பொய்யாகக் கூட்டும். மெத்தில்டோபா ரத்தத்திலும் யூரினிலும் நார்மெட்டாநெஃப்ரினைக் கெடுக்கும். காய்ச்சல், தலைவலிக்குப் போடும் பாரசிட்டமாலும் பழைய எலக்ட்ரோகெமிக்கல் முறையில் ரத்த அளவைக் கெடுக்கும், எல்.சி.எம்.எஸ்.ஸில் இந்தத் தொல்லை குறைவு. மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகள் எந்த முறையிலும் உண்மையாகவே அளவைக் கூட்டும்.

இதற்காக யாரும் தாங்களாக பிபி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டெஸ்ட் தேவை என்று முடிவானால் மருத்துவரே நிஃபெடிபினுக்கு மாற்றிக் கொடுக்கலாம், அது குறுக்கிடாது. லேபெட்டலாலை மாற்ற இன்னொரு காரணமும் இருக்கிறது. அது, அட்ரினலின் போய் ஒட்டி வேலை செய்யும் ஆல்ஃபா, பீட்டா என்ற ஏற்பிகள் இரண்டையும் தடுக்கும் மருந்து என்றாலும் வாய்வழி கொடுக்கும்போது பீட்டா தடுப்புதான் மூன்று மடங்கு ஓங்கி நிற்கும். ஃபியோ உள்ளவருக்குப் பீட்டாவை மட்டும் பலமாகத் தடுத்து ஆல்ஃபாவைத் திறந்துவிட்டால் பிபி இறங்காமல் இன்னும் ஏறும். லேபெட்டலால் கொடுத்தும் பிபி ஏறுகிறது என்பதே மெட்டாநெஃப்ரின் கேட்கப் போதுமான காரணம்.

வாந்திக்குச் சர்வசாதாரணமாகப் போடும் மெட்டோகுளோபிரமைட் ஊசி ஃபியோ கட்டியைத் தூண்டிவிடும் மருந்து. சிசுவின் நுரையீரல் முதிர்ச்சிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகும் பிபி எகிறி நெருக்கடி வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் எர்கோமெட்ரினும் அப்படியே. இவற்றில் ஒன்று உள்ளே போன சில நிமிடங்களில் தலைவலி, வேர்வை, வெளிறிப்போதல், எகிறும் பிபி என்று வந்திருந்தால் அதை ‘பயம்’ என்று ஒதுக்காமல் கேஸ் ஷீட்டில் எழுதவையுங்கள்.

யாருக்கு இந்த டெஸ்ட் தேவை என்பதை இங்கேயே சொல்லிவிடுவோம். 20 வாரத்துக்கு முன்பே தொடங்கிய கடும் பிபி; ஒரு நேரம் 190, இன்னொரு நேரம் 110 என்று ஊஞ்சலாடும் பிபி; யூரினில் புரோட்டீன் இல்லாத, கால் வீக்கம் இல்லாத உயர் பிபி; எழுந்து நின்றால் சட்டென்று இறங்கும் பிபி; தலைவலி–வேர்வை–படபடப்பு மூன்றும் சேர்ந்து வந்து போவது; குடும்பத்தில் ஃபியோ, தைராய்டு மெடுல்லரி புற்றுநோய், வான் ஹிப்பெல்–லிண்டாவ், நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற பரம்பரை நோய்கள் இருப்பது. சாதாரண ப்ரீ-எக்லாம்ப்சியா எல்லோருக்கும் இதைக் கேட்டால் வீண் செலவு, வீண் பயம்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

மெட்டாநெஃப்ரினில் ஒரு வசதி: கர்ப்பத்தால் அதன் அளவு பெரிதாக மாறுவதில்லை. கர்ப்பம் இல்லாதவர்களின் எல்லையை வைத்தே பார்க்கலாம். மேல் எல்லையைப் போல் இரண்டு, மூன்று மடங்குக்கு மேல் என்றால் கட்டியின் சாத்தியம் அதிகம். உடனே ஹார்மோன் மருத்துவரான எண்டோகிரினாலஜிஸ்ட்டிடம் போக வேண்டும். எல்லையைக் கொஞ்சம் தாண்டியிருந்தால், மருந்து, படுத்த விதம், கடும் ப்ரீ-எக்லாம்ப்சியாவின் அழுத்தம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும்.

அலகைக் கவனியுங்கள். ஒரு லேப் பிக்கோகிராம்/மி.லி. என்று தரும், இன்னொன்று நானோமோல்/லிட்டர் என்று தரும். மெட்டாநெஃப்ரினில் ஒரு நானோமோல்/லிட்டர் என்பது 197 பிக்கோகிராம்/மி.லி., நார்மெட்டாநெஃப்ரினில் 183 பிக்கோகிராம்/மி.லி. நார்மெட்டாநெஃப்ரின் முதல் ரிப்போர்ட்டில் 180, இரண்டாவதில் 0.98 என்று பார்த்துவிட்டுக் ‘குறைந்துவிட்டது’ என்று மகிழ்ந்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே அளவுதான்.

மெட்டாநெஃப்ரின் கூடுதல் என்றால் கட்டி பெரும்பாலும் அட்ரினலுக்குள்ளேயே இருக்கும். நார்மெட்டாநெஃப்ரின் மட்டும் கூடுதல் என்றால் அட்ரினலுக்கு வெளியே, வயிற்றின் நரம்புப் பின்னல்களில் இருக்கும், பாராகாங்லியோமா என்ற இதே வகைக் கட்டியாகவும் இருக்கலாம். ஸ்கேன் பார்ப்பவருக்கு இதைச் சொன்னால் வயிற்றின் கீழ்ப்பகுதியையும் சேர்த்துத் தேடுவார். ஸ்கேன் என்றால் கான்ட்ராஸ்ட் ஊசி இல்லாத எம்.ஆர்.ஐ. அல்ட்ராசவுண்டில் தெரியவில்லை என்பதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. கட்டியில் ஊசி குத்தி பயாப்ஸி எடுப்பது கூடவே கூடாது.

உறுதியானால் சிகிச்சை ஆல்ஃபா தடுப்பு மருந்தில் தொடங்கும்: ஃபினாக்சிபென்சமின் அல்லது டாக்சசோசின், சிறு அளவில் ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே போய், அறுவைக்கோ பிரசவத்துக்கோ முன் 10–14 நாட்களாவது. பீட்டா தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதற்குப் பிறகுதான், ஒருபோதும் முதலில் இல்லை. 24 வாரத்துக்கு முன் தெரிந்தால் இரண்டாவது மூன்று மாத காலத்தில் லேப்ராஸ்கோப்பியில் கட்டியை எடுக்கலாம். அதற்குப் பிறகு தெரிந்தால் மருந்தோடு பிரசவம் வரை கொண்டுபோவார்கள். 2021இல் ‘லான்செட் டயாபடீஸ் அண்ட் எண்டோகிரினாலஜி’ இதழில் 249 கர்ப்பங்களை அலசிய பன்னாட்டு ஆய்வு வந்தது. ஃபியோ அல்லது பாராகாங்லியோமா இருப்பது தெரியாமல், சிகிச்சையின்றிப் போன கர்ப்பங்களில் கடும் சிக்கலுக்கான வாய்ப்பு விகிதம் 27 மடங்கு. ஆல்ஃபா மருந்து சிக்கலைக் குறைத்தது. கர்ப்பத்திலேயே அறுவை செய்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. இந்த ஆய்விலிருந்து எங்களுக்குப் பெரிதாகப் படுவது அறுவை எப்போது என்ற விவாதம் அல்ல. நேரத்தோடு டெஸ்ட் எடுத்தோமா என்பதுதான்.

ஃபினாக்சிபென்சமின் நஞ்சுக்கொடியை (பிளசன்டாவை) தாண்டிக் குழந்தைக்குப் போகும். பிறந்த குழந்தைக்கு முதல் சில நாட்கள் பிபியும் மூச்சும் கவனிக்கப்பட வேண்டும். ஆகவே பிரசவம், குழந்தைகள் தீவிர சிகிச்சை, எண்டோகிரினாலஜி, இதில் பழகிய மயக்க மருத்துவர் எல்லாரும் சேர்ந்திருக்கும் இடமாகப் பாருங்கள்: வேலூர் சி.எம்.சி. போன்ற நிறுவனம் அல்லது பெரிய அரசு மருத்துவக் கல்லூரி.

கார்டிசால்: பேக்கேஜைத் தவிருங்கள், உமிழ்நீரை எடுங்கள்

‘அட்ரினல் ப்ரொஃபைல்’ என்று கார்டிசால், ஏ.சி.டி.எச். (மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரந்து அட்ரினலைத் தூண்டும் ஹார்மோன்), டெக்சாமெத்தசோன் டெஸ்ட் எல்லாவற்றையும் கட்டி விற்கும் பேக்கேஜ்கள் கர்ப்பிணிக்கு ஏற்றவை அல்ல. ஈஸ்ட்ரோஜனால் கார்டிசாலைச் சுமக்கும் புரதம் கூடிவிடும். ரத்தக் கார்டிசால் எல்லாக் கர்ப்பிணிக்குமே ஏறித்தான் இருக்கும். கார்டிசாலை இறக்க வேண்டிய டெக்சாமெத்தசோன் மாத்திரை போட்டாலும் அது ஒழுங்காக இறங்காது. நோயில்லாதவருக்கும் பாசிட்டிவ் காட்டும். கட்டி அட்ரினலில் இருந்தால் ஏ.சி.டி.எச். அடங்கியிருக்க வேண்டும் என்ற விதியும் கர்ப்பத்தில் ஆடிப்போகும், ஏனென்றால் நஞ்சுக்கொடியே அதைத் தூண்டும் ஹார்மோனைச் சுரக்கிறது. 24 மணி நேர யூரின் கார்டிசால் ஓரளவு உதவும். ஆனால் நான்காம் மாதத்துக்குப் பிறகு சாதாரணக் கர்ப்பத்திலேயே மூன்று மடங்கு வரை கூடும். அதைத் தாண்டினால்தான் பொருள்.

நள்ளிரவு உமிழ்நீர் கார்டிசால்தான் இங்கே தேர்ந்தெடுக்க வேண்டியது. நோயில்லாத கர்ப்பிணிக்கு இரவில் கார்டிசால் இறங்கும் தாளம் மாறாமல் இருக்கும். குஷிங்கில் அந்த இறக்கம் தொலைந்துபோகும். இரவு 11 முதல் 12 மணிக்குள், லேப் தரும் பஞ்சுக் குச்சியை வாயில் இரண்டு நிமிடம் வைத்து நனைய விட்டு, குழாயில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். வெவ்வேறு இரண்டு இரவுகள் எடுங்கள். முன் அரைமணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது, பல் தேய்க்கக்கூடாது. கர்ப்பத்தில் ஈறு வீங்கி ரத்தம் கசிவது சகஜம். சாம்பிளில் துளி ரத்தம் கலந்தாலும் அளவு பொய்யாக ஏறும். குச்சி இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் எறிந்துவிட்டு மறுநாள் எடுங்கள். ஹைட்ரோகார்டிசோன் களிம்பு தடவிய கையால் குச்சியைத் தொடுவதும் இதே கோளாறைத் தரும். இந்த டெஸ்ட் வீட்டிலேயே எடுக்கத் தோதானது. வீட்டுச் சேவைக்கு முழு மதிப்பெண். ஒரே நிபந்தனை: ரிப்போர்ட்டில் கர்ப்ப மாதத்துக்கேற்ற எல்லையை வைத்துப் பார்க்க மருத்துவர் வேண்டும்.

யாருக்கு இதைக் கேட்பது? கர்ப்பத்தில் வயிற்றுத் தோலில் வரி விழுவது எல்லோருக்கும் உண்டு. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான கருஞ்சிவப்பு வரிகள், லேசாகத் தட்டினாலே கன்றிப்போகும் தோல், உட்கார்ந்த இடத்திலிருந்து கையூன்றாமல் எழ முடியாத தொடை பலவீனம், இவற்றோடு பிபியும் சர்க்கரையும் சேர்ந்தால் கேளுங்கள். கர்ப்பம் இல்லாதவர்களின் குஷிங்குக்குப் பெரும்பாலும் பிட்யூட்டரி காரணம். கர்ப்பத்தில் அட்ரினல் கட்டிதான் முன்னால் நிற்கிறது.

அல்டோஸ்டிரோன்–ரெனின்: குழாயை ஐஸில் வைக்கவிடாதீர்கள்

கான் நோய்க்குறிக்கு அல்டோஸ்டிரோனோடு, அதைத் தூண்டும் ரெனினையும் பார்ப்பார்கள். மெட்டாநெஃப்ரினுக்கும் ரெனினுக்கும் ஒரே வகை ஊதா மூடிக் குழாய்தான். ஒரே நேரத்தில் இரண்டையும் எடுத்தால் இரண்டையும் ஐஸ் டப்பாவில் போட்டுவிடுவார்கள். மெட்டாநெஃப்ரினுக்கு அது சரி. ரெனினுக்கோ, சுழற்றிப் பிரிக்கும் முன் ஐஸில் வைத்தால் குளிரில் அதன் முன்வடிவமான புரோரெனின் ரெனினாக மாறிவிடும். கர்ப்பிணியின் ரத்தத்தில் புரோரெனின் ஏற்கெனவே மிக அதிகம் என்பதால் இந்தத் தவறு இவர்களிடம் இன்னும் பெரிதாகும். கான் நோய்க்குறிக்குத் தேடுவதே அடங்கிப்போன ரெனினைத்தான். ஐஸ் அதைப் பொய்யாக ஏற்றிக் காட்டினால் நோய் ஒளிந்துகொள்ளும். ரெனின் குழாய் அறை வெப்பத்தில் இருக்கட்டும். பிளாஸ்மாவைப் பிரித்த பிறகு ஒரேயடியாக உறைய வைக்கட்டும். ஐஸ் தட்டோடு வருபவரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

கர்ப்பத்தில் ரெனினும் அல்டோஸ்டிரோனும் இரண்டுமே இயல்பாக ஏறும். அதனால் இரண்டின் விகிதம் கட்டி இருந்தும் நார்மலாகத் தெரியலாம். உயர் பிபியோடு ரெனின் அடங்கியே இருக்கிறது, பொட்டாசியம் 3.5க்குக் கீழே என்றால் விகிதத்தைப் பார்க்காமலே சந்தேகம் வலுக்கும். பொட்டாசியத்துக்கு ரத்தம் எடுக்கும்போது கையை இறுக மூடி மூடித் திறக்கச் சொன்னால் அளவு பொய்யாகக் கூடும், கை தளர்ந்திருக்கட்டும். உறுதிப்படுத்த உப்பு நீரை நரம்பில் ஏற்றிப் பார்க்கும் டெஸ்ட்டையும் கேப்டோபிரில் டெஸ்ட்டையும் கர்ப்பத்தில் செய்யக்கூடாது. ஆகவே இங்கே முழு உறுதி பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகுதான். அதுவரை பொட்டாசியமும், பாதுகாப்பான பிபி மாத்திரைகளும். ஸ்பைரோனோலாக்டோன் ஆண் சிசுவின் பாலுறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பதால் தவிர்ப்பார்கள்.

கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரோன் அல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுப்பதால் சிலருக்கு பிபி சாந்தமாகவே இருக்கும். பிரசவமானதும் அந்தத் தடை விலகும். வீட்டுக்குப் போன முதல் வாரங்களில் பிபி ஏறி, பொட்டாசியம் சரியும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே இரண்டு வாரத்துக்குள் பொட்டாசியம், பிபி பார்க்கத் தேதி குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். ஃபியோ உறுதியானவர்கள் கட்டியை எடுத்த சில வாரங்களில் மெட்டாநெஃப்ரினை மறுபடி பார்க்க வேண்டும், பிறகு ஆண்டுக்கொரு முறை. மரபணு டெஸ்ட்டும் கேளுங்கள்: இந்தக் கட்டிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பரம்பரை வழி வருபவை. பாசிட்டிவ் என்றால் தாய்வழி, தந்தைவழி உறவுகளோடு பிறந்த குழந்தையின் பெயரும் பார்க்க வேண்டியவர்கள் பட்டியலில் சேரும்.